ஒத்தக் கட்டில்

விழித்ததும் கொம்பையாவுக்குப் பசித்தது. வயிற்றோடு நிற்கிற பசி இல்லை அது. முழங்கால் மூட்டுக்குள் பசித்தது, பல் வேரில் பசித்தது, கண்ணுக்குப் பின்னால் பசித்தது. காலையில் படுக்கப் போகுமுன் வயிறு முட்டப் பழைய சோறும் கருவாடும் தின்றிருந்தான். அதெல்லாம் வேறு யாரோ தின்ற மாதிரி இருந்தது.

கதவைத் தாண்டி வராந்தாவுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். பலகை எலும்பில் இடித்தது. கைலி இடுப்பில் நிற்காமல் வழுகியது. இறுக்கிக் கட்டிக்கொண்டு கையைப் பார்த்தான். முப்பது வருசமாக மூட்டை சுமந்த கை. மணிக்கட்டில் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. வெளியே சாயங்கால வெயில் கப்பல் தளத்தில் காய்ந்துகொண்டிருந்தது.

தூத்துக்குடிக்குத் தெற்கே இருக்கிற அந்தத் தனியார் துறைமுகத்தில் கிரேன் வந்தது, மூட்டை தூக்குகிற யந்திரக் கைகள் வந்தன. உப்புக் காற்று எல்லாவற்றையும் அரித்துத் தின்றது. மனுசன்தான் மலிவு என்று கடைசியில் கம்பெனிக்குத் தெரிந்தது. துருப்பிடிக்க மாட்டான், உதிரிச் சாமான் கேட்க மாட்டான். ஆனால் அவனுக்குப் படுக்க இடம் வேண்டும். வேலிக்குள் இருக்கிற நிலம் முழுக்கச் சரக்குக்கு. வெளியே விட்டால் நேரத்துக்கு வர மாட்டான். அதற்காகக் கம்பெனி கொண்டுவந்ததுதான் இந்த அறை. கம்பெனி அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தது. சுமைக்காரர்கள் ஒத்தக் கட்டில் என்றார்கள்.

சின்ன அறை. நடுவில் ஓர் இரும்புக் கட்டில். ஒரு செட்டில் பதினாலு பேர். காலையில் வேலை முடிந்ததும் வாசலில் கார்டைக் காட்டிவிட்டு ஒருவன் பின் ஒருவனாக உள்ளே போய் அந்த ஒரே கட்டிலில் படுப்பார்கள். ஒருவன் மேல் ஒருவனாக அல்ல. ஒருவன் படுத்திருக்கிற அதே இடத்தில், அவனுக்குள்ளேயே. முதலில் படுக்கிறவனுக்கு இரும்பு குளிரும். இரண்டாமவனுக்குக் கதகதப்பாக இருக்கும். ஐந்தாறு பேர் ஆனபிறகு காலே தன்னால் கட்டிலைப் பார்த்துப் போகும். கடைசி ஆள் படுப்பது ஆற்றில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கவிழ்ப்பது போல. சாயங்காலம் கார்டு வரிசைப்படி கதவு ஒவ்வொருவராக வெளியே விடும். முதல் மாசம் சிலர் அழுதார்கள். கொஞ்ச நாளில் அழுகை நின்றுபோனது. தூக்கம் நல்ல தூக்கம்.

"மேஸ்திரி, எனக்குத் தலய சுத்துது." சுப்பக்குட்டி வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். செட்டில் வாய்க்காரன் அவன்தான். "தூக்கத்துல எவனோ என்ன உறிஞ்சிக் குடிச்சிட்டான். பாரும், வயித்தக் காணும்."

"உனக்கு வயிறு போனா நாட்டுக்கு நல்லது" என்றான் கொம்பையா. சிரிக்க வரவில்லை.

ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோர் கன்னமும் ஒட்டியிருந்தது. செட்டிலேயே மூத்தவரான சவேரி வந்து பெஞ்சில் உட்காரவில்லை, விழுந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

பன்னிரண்டாவது ஆள் வந்தான். பதின்மூன்றாவது ஆளும் வந்தான். அத்தோடு கதவு அடைத்துக்கொள்ள வேண்டும். காலையில் உள்ளே போனவர்கள் பதின்மூன்று பேர்தான். வேலாண்டி போகவில்லை.

வேலாண்டி கொம்பையாவின் தங்கை சொர்ணத்தின் புருசன். கல்யாணமாகி எட்டு வருசம், இரண்டு பிள்ளை வயிற்றிலேயே போய், இப்போதுதான் சொர்ணத்துக்கு நிறைமாதம். விடிகிற நேரத்தில் வலி எடுத்துவிட்டது என்று போன் வந்தது. காண்ட்ராக்டு ஆளுக்கு லீவு கிடையாது. கட்டிலில் ஒரு நாள் படுக்காவிட்டால் கார்டு செத்துவிடும், வெளியே காத்திருக்கிற வரிசையிலிருந்து வேறு ஆளை எடுத்துவிடுவார்கள். வேலாண்டி மீன்காரர்கள் பக்கத்துச் சுவரேறிக் குதித்துப் போனான். கார்டைக் கொம்பையாவிடம் கொடுத்திருந்தான்.

சுமைக்காரர்களுக்குள் இது எந்தக் காலத்திலும் உள்ள வழக்கம். செட்டில் ஒருவன் படுத்துவிட்டால் மற்றவர்கள் அவன் மூட்டையையும் சேர்த்துச் சுமப்பார்கள், ஆள் எடுக்கும்போது இன்னொருவன் அவனுக்குக் குரல் கொடுப்பான், சாயங்காலம் அவன் பங்கு அவன் வீட்டுக்குப் போய்விடும். கொம்பையா காலையில் தன் கார்டைக் காட்டினான், கூடவே வேலாண்டியின் கார்டையும் காட்டினான். மூட்டைக் கணக்கில் செய்வதைக் கட்டில் கணக்கிலும் செய்தான். அதற்கு மேல் அவன் யோசிக்கவில்லை.

கதவு அடைக்கவில்லை. பதினாலாவது முறையாகப் பச்சை விளக்கு எரிந்தது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டே, கொட்டாவி விட்டபடி வேலாண்டி வெளியே வந்தான்.



"என்ன எல்லாரும் எழவு வீட்டுல மாதிரி இருக்கிய?" என்றான் வேலாண்டி. அவனும் இளைத்துத்தான் இருந்தான். "மச்சான், ஒரு டீ சொல்லும். பசி கொல்லுது."

சுப்பக்குட்டிக்குத்தான் முதலில் வாய் வந்தது. "ஏல, நீ எப்பல சுவரேறித் திரும்பி வந்த?"

"எந்தச் சுவரு?"

"காலைல குதிச்சிப் போனியே."

"போதய இன்னும் நீ விடலயா?" வேலாண்டி சுவரோரப் பெட்டியைத் திறந்தான். படுக்குமுன் போன்களை அதில்தான் போட வேண்டும். கிளறிப் பார்த்தான். "எம் போன எவம்ல எடுத்தது? சொர்ணத்துக்கு நாளைக்குத்தான் தேதி சொல்லிருக்காவ. போன் வந்தாலும் வரும். வெளயாடாதிய."

பெட்டிக்குள் கொம்பையாவின் போன் அடித்தது. வேலாண்டியே எடுத்து நீட்டப் போனான். கொம்பையா பாய்ந்து வாங்கிக்கொண்டான். அந்த வேகத்துக்கே கண் இருட்டியது. திரையில் வேலாண்டி என்று பெயர் வந்துகொண்டிருந்தது. வராந்தாவின் கடைசிக்கு நடந்துபோய்க் காதில் வைத்தான்.

"மச்சான்" என்றது வேலாண்டியின் குரல். பின்னால் பெண்கள் பேசும் சத்தம், ஏதோ பாத்திரம் விழும் சத்தம். "பொம்பளப் புள்ள மச்சான். சொகப் பிரசவம். ரெண்டும் நல்லா இருக்கு. கைல வச்சிக்கிட்டுத்தான் பேசுதேன். என் கார்டக் காட்டிட்டீருல்லா?"

"காட்டிட்டேன்" என்றான் கொம்பையா.

திரும்பிப் பார்த்தான். பெஞ்சில் வேலாண்டி சவேரியின் கையைப் பிடித்துத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தான்.

*

ஒத்தக் கட்டிலுக்குப் பொறுப்பு நிரஞ்சனா என்கிற பெண். திருச்சிப் பக்கம். இரண்டு கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். கொம்பையா சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்தது. எழுந்துபோய்ச் சரக்குத் தராசை ஓடவிட்டு, "ஏறுங்க" என்றாள். போன வாரத்தைவிட அவன் ஐந்து கிலோ குறைந்திருந்தான்.

"எல்லாருக்கும் இப்படித்தான் குறைஞ்சிருக்கும்" என்றாள். "பதிமூணு பேர் உடம்பை பதினாலு பங்கு போட்டிருக்கு."

"எது போட்டுருக்கு?"

"கட்டில். உட்காருங்க மேஸ்திரி. நிக்காதீங்க." தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் தள்ளினாள். "அது எப்படி வேலை செய்யுதுன்னு உங்களுக்கு யாராவது சொல்லியிருக்காங்களா?"

"கையெழுத்து வாங்குனாவ. சொல்லல."

அவள் மேஜையைத் தட்டிக் காட்டினாள். "இந்த மேஜை மேல கையை வெச்சா கை ஏன் உள்ள போகமாட்டேங்குது? மேஜைக்குள்ளயும் கைக்குள்ளயும் இருக்கிற துகளுக்கெல்லாம் ஒரு சுழற்சி இருக்கு. பம்பரம் மாதிரி நிஜமா சுத்துதுன்னு நினைக்காதீங்க, அது பிறவிக் குணம். அந்தச் சுழற்சி அரைக் கணக்குல இருக்கிற துகள், தான் இருக்கிற இடத்துல தன்னை மாதிரி இன்னொண்ணை விடவே விடாது. பஸ் சீட்டு மாதிரி, ஒண்ணுக்கு ஒண்ணுதான். அதனாலதான் கல்லு கல்லா இருக்கு, நீங்க நீங்களா இருக்கீங்க. ஆனா வெளிச்சம் அப்படி இல்ல. அதோட சுழற்சி முழுக் கணக்கு. ஒரு விளக்கு எரியற இடத்துல நூறு விளக்கு போடுங்க, வெளிச்சம் வெளிச்சத்தை இடிக்காது. அதுமட்டும் இல்ல, ஏற்கெனவே கூட்டம் இருக்கிற இடத்துக்குத்தான் அடுத்தது ஆசையா வரும்."

"சாராயக் கடை மாதிரி."

"அப்படித்தான். கட்டில் என்ன பண்ணுதுன்னா, உங்க உடம்புல இருக்கிற ஒவ்வொரு அரைக்கும் இன்னொரு அரையை ஒட்டவைக்குது. அரை முழுசாயிடுது. உடனே எல்லாரும் ஒரே இடத்துல இருக்கலாம். சாயங்காலம் ஒட்டினதைப் பிரிக்கும்போது, கார்டுல பதிஞ்சிருக்கிற வடிவப்படி சரக்கைப் பங்கு போட்டு ஆளை வெளிய விடுது. இன்னிக்கு உள்ள வராத ஆளுக்கும் கார்டு காட்டியிருக்கீங்க. அதுல முந்தின நாள் காலைல அவரு உள்ள போனப்ப பதிஞ்ச வடிவம் இருந்துச்சு. பங்கு போட்டுடுச்சு."

சரக்கு என்று அவள் சொன்னதைக் கொம்பையா கேட்டுக்கொண்டான். அது அவளுக்குத் தெரியவில்லை.

"எங்கிட்ட எடுத்தத மட்டும் அவங்கிட்டருந்து திருப்பி எடுக்க முடியாதா? எது யாரோடதுன்னு பாத்து?"

"அப்படி ஒரு கேள்வியே கிடையாது மேஸ்திரி. ரெண்டு துகளை இடம் மாத்தி வெச்சா, மாத்தினதுன்னு கண்டுபிடிக்க உலகத்துலயே வழி இல்ல. எங்களுக்குத் தெரியலங்கிறது இல்ல, அதுக்கே தெரியாது. அதுங்களுக்குப் பேர் இல்ல." நிறுத்திவிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள்: "பதினோரு மாசமா இதுல படுக்கறீங்க. போனவங்க யாரும் போனபடியே வெளிய வரல. ஆஸ்பத்திரில இருக்கிறவரு உட்பட."

கொம்பையா தன் கையைப் பார்த்தான். கையில் பழைய கொக்கி கிழித்த தழும்பு அப்படியே இருந்தது.

"அப்ப, அவம் வேலாண்டி. இவம் யாரு?"

"இவரும் வேலாண்டிதான். ஒருநாள் பழைய வேலாண்டி." அவள் கண்ணாடி வழியே வராந்தாவைப் பார்த்தாள். "ஆனா இருக்க முடியாது. எடுத்தது கொழுப்பை மட்டும் இல்ல. இதயத்துல, ஈரல்ல, எலும்புல எல்லாத்துலயும் பதினாலுல ஒரு பங்கு போயிருக்கு. வயசுப் பசங்க தாங்குவாங்க. அந்தப் பெரியவரு தாங்கமாட்டாரு. ரெண்டு நாளு, அதிகம் போனா மூணு."

"என்ன செய்யணும்?"

"நாளைக்குக் காலைல பதினாலு பேரும் உள்ள போங்க. அவரோட கார்டை மட்டும் காட்டாதீங்க. அது சாகாம நான் கணக்குல பாத்துக்கறேன். பதிமூணு கார்டுக்குத்தான் பங்கு போடும். உங்களோடது உங்களுக்கு வந்துடும்."

"அவம்?"

அவள் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"பசிக்குதுங்கானே மேடம். டீ கேட்டான்."

"தெரியுது."

"அவம் நெனப்பு எங்க போவும்?"

"நெனப்பு சரக்கு இல்ல. கார்டு இல்லன்னா அது இல்ல." பிறகு அவளே சொன்னாள்: "மேல சொன்னா உங்க செட்டையே வெளிய அனுப்பிடுவாங்க. கார்டைச் சரியா பாக்கலன்னு என்னையும். இந்த அறையைப் பத்தி வெளிய பேச்சு வரக்கூடாதுன்னு அவரை என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியாது. உங்க கையால ஆகறதே மேல்னு நினைக்கிறேன். நான் நினைக்கிறது தப்பாவும் இருக்கலாம்."

*

அன்று கப்பலில் யூரியா வந்திருந்தது. இருட்டுமுன் முதல் லாரியை நிரப்ப வேண்டும். நான்காவது நடைக்கே ஆட்கள் வாய் பிளந்து மூச்சு வாங்கினார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கொம்பையா யாருக்கும் விளக்கிச் சொல்லவில்லை, இரண்டு வார்த்தைதான் சொன்னான். அது ஆளுக்கு ஆள் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒருவனுக்கு மட்டும் போகவில்லை.

அந்த ஒருவன்தான் அதிகம் சுமந்தான். சவேரி ஏறுபலகையில் மூட்டையோடு குந்திவிட்டபோது ஓடிவந்து மூட்டையைத் தன் முதுகுக்கு மாற்றிக்கொண்டான்.

"சவேரிண்ணே, நீரு நிழல்ல இரும். உம்ம பங்குக்கு நான் ஏத்துதேன்."

"வேண்டாம்டே" என்றார் சவேரி. மூச்சுக்கு நடுவே சொன்னார். "நீ எனக்குச் சுமக்காத. வேண்டாம்."

"நல்ல ஆளு. நான் படுத்தப்ப நீரு சுமக்கலயா?"

சவேரி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். சுப்பக்குட்டி கப்பல் பக்கம் திரும்பி நின்று யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டினான். யாரை என்று யாருக்கும் விளங்கவில்லை.

லாரி நிரம்பி டீ வந்தபோது வேலாண்டி கொம்பையாவின் பக்கத்தில் வந்து குந்தினான். "மச்சான், என்னமோ நடந்திருக்கு. எல்லாரும் என்னப் பாத்தா மூஞ்சியத் திருப்புதாவ. சொர்ணத்துக்கு ஏதும் ஆயிட்டா? மறைக்காதிரும்."

கொம்பையா வாய் திறந்தான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் திறந்தான். ஒத்துக்கொண்டு உள்ளே வருவான் வேலாண்டி, அப்படிப்பட்டவன்தான். வராமலும் போகலாம், யார்தான் வருவார்கள். கொஞ்ச தூரத்தில் சவேரி சாக்கு மேல் மல்லாக்கப் படுத்திருந்தார். நெஞ்சு கோழிக்குஞ்சு நெஞ்சு போல அடித்துக்கொண்டிருந்தது.

"புள்ள பொறந்துட்டு" என்றான் கொம்பையா. "பொம்பளப் புள்ள. நீ தூங்கும்போது போன் வந்துச்சி."

வேலாண்டி அசையவில்லை. டீ கிளாஸ் இடது கையில் சாய்ந்து மணலில் ஒழுகியது. "உசுரோடயா?"

"ரெண்டும் நல்லா இருக்கு."

"அழுதுச்சாமா? மொத ரெண்டும் அழவே இல்ல மச்சான்."

"அழுதுச்சாம்."

வேலாண்டி எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். கன்னத்தில் வழிந்ததைத் தோளால் துடைத்தான். "அதுக்குத்தான் எல்லாரும் பேசாம இருந்தியளாக்கும். எங்கிட்ட முட்டாயி கேக்கதுக்கு. நான் இப்பவே சுவரேறிப் போயிட்டு வந்துருதேன். கப்பல் பக்கம் எவனும் பாக்கமாட்டான். ஒரு தடவ மோந்து பாத்துட்டு வந்துருதேன் மச்சான். புதுப் புள்ள வாசன அஞ்சாறு நாளுதான் இருக்குமாம்ல."

ஆஸ்பத்திரி வாசலில் அவன் போய் நிற்பதைக் கொம்பையா நினைத்துப் பார்த்தான். உள்ளே கட்டிலருகே இன்னொருவன் பிள்ளையை வைத்துக்கொண்டிருப்பான்.

"இன்னைக்கு வேண்டாம் மாப்ள. பாரா அதிகம். மாட்டுனா செட்டே போயிரும். காலைல படுத்து எந்திப்போம். நாளைக்கு நமக்கு ஓய்வு. சாயந்திரம் நானே உன்னக் கூட்டிட்டுப் போய்ப் புள்ளயக் காட்டுதேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"எங் கைல குடுக்கச் சொல்லணும். ஒங்க அம்மையும் அத்தையும் வாங்கி வச்சிக்கிட்டுத் தரமாட்டாவ."

"நானே வாங்கித் தாரேன்."

அவ்வளவில் நம்பிவிட்டான். எட்டு வருசமாகக் கொம்பையா சொன்ன எதையும் அவன் இரண்டாவது தடவை கேட்டதில்லை.

*

காலையில் வெயில் ஏறுமுன் வாசலில் வரிசையாக நின்றார்கள். கண்ணாடிக்குப் பின்னால் நிரஞ்சனா குனிந்த தலை நிமிரவில்லை. கொம்பையா முதலில் தன் கார்டைக் காட்டினான். ஆளுக்கு ஆள் காட்டினார்கள். வேலாண்டியைக் கடைசியில் நிறுத்தியிருந்தார்கள். யாரும் சொல்லி நிறுத்தவில்லை. தானாக அப்படி வரிசை அமைந்தது.

"எங் கார்டு எங்க மச்சான்?"

"எங்கிட்ட இருக்கு. ஒனக்கும் சேத்து நான் காட்டிட்டேன்."

கொம்பையாவின் வாயில் பொய் கொஞ்சமும் தடுக்கவில்லை. வராத ஆளுக்குக் கார்டு காட்டிப் பழகிய கை, வந்து நிற்கிற ஆளின் கார்டைச் சட்டைப்பைக்குள் அழுத்திக்கொண்டிருந்தது.

உள்ளே போய்ப் படுத்தான். இரும்பு குளிர்ந்தது. சுப்பக்குட்டி வந்தான், சூடு வந்தது. ஒவ்வொருவராக வர வர எடை போய்விட்டது, வலி போய்விட்டது, சவேரியின் நெஞ்சடிப்பு எல்லோர் நெஞ்சிலும் அடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கடைசியாக ஒரு ஆள் வந்தான். வாசலில் நின்று தயங்கியதாகக் கொம்பையாவுக்குத் தோன்றியது. ஆனால் கூட்டம் இருக்கிற இடத்துக்கு அடுத்தவன் தயங்கி வர முடியாது. வழுகி வந்தான். வந்தபோது சிரித்துக்கொண்டிருந்தான் என்பது பதின்மூன்று பேருக்கும் தெரிந்தது. கட்டிலுக்குள் முகம் கிடையாது, ஆனாலும் தெரிந்தது.

சாயங்காலம் பதின்மூன்று தடவை பச்சை விளக்கு எரிந்தது. கதவு அடைத்துக்கொண்டது.

கைலி இடுப்பில் நின்றது. சவேரியின் உதட்டில் ரத்தம் இருந்தது. ஒருவரும் தராசில் ஏறவில்லை.

"டீ குடிப்பமா?" என்று கேட்டான் சுப்பக்குட்டி.   ஓய்வு நாள் பாஸை வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு திசையாகக் கலைந்தார்கள்.

*

கொம்பையா வீட்டுக்குப் போகத்தான் பஸ் ஏறினான். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் கால் இறங்கிவிட்டது. சரி, தங்கச்சி பிள்ளையைத் தாய்மாமன் பார்க்கப் போவது இயல்புதானே என்று சொல்லிக்கொண்டு மாடி ஏறினான்.

பிரசவ வார்டு வாசலில் சுப்பக்குட்டி நின்றுகொண்டிருந்தான். கையில் ஒன்றும் இல்லை. பழம்கூட வாங்கவில்லை.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன் மேஸ்திரி" என்றான். பிறகு, "தெரியல. வீட்டுக்குத்தான் போனேன்" என்றான்.

படியில் சவேரி ஏறி வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். கீழே பஸ்ஸிலிருந்து மற்றவர்கள் இறங்குவது ஜன்னலில் தெரிந்தது. ஒருவரோடு ஒருவர் பேசிவைத்து வந்த மாதிரி இல்லை. ஒருவரை ஒருவர் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

உள்ளே வேலாண்டி கட்டிலருகே நின்றான். ஒன்றும் அறியாதவன். முகம் நிறையச் சிரிப்பு. "செட்டே வந்துட்டா? மச்சான், கார்டு பிரச்சின ஒண்ணும் இல்லயே?"

"இல்ல" என்றான் கொம்பையா.

சொர்ணம் தலையணையில் சாய்ந்திருந்தாள். "ஆளாளுக்குக் கேக்காவளே, குடுங்க. பைய குடுங்க. தலயப் பிடிச்சிக்கச் சொல்லுங்க."

சுப்பக்குட்டி முதலில் வாங்கினான். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் இடையில் தரையோடு ஒன்று உடைந்திருந்தது. அதில் நின்றான். இடது கையைப் பிள்ளையின் தலைக்கு அடியில் கொடுத்து, குனிந்து, நெற்றியை மோந்து பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் மோந்தான். "உசுரோட இருக்கு" என்றான். திருப்பிக் கொடுத்தான்.

அடுத்தவன் வந்தான். அதே ஓட்டின் மேல் நின்றான். இடது கை, குனிதல், மூடிய கண். "உசுரோட இருக்கு."

மூன்றாவது ஆளுக்குச் சொர்ணம் சிரித்தாள். ஐந்தாவது ஆளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "என்னண்ணே இது. எல்லாரும் ஒரே மாதிரி மோந்து பாக்காவ. ஒரே மாதிரி சொல்லுதாவ."

"பாசம்" என்றான் வேலாண்டி. மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"அதுல்ல. இவுகள்ல பாதிப் பேரு இதுவர எம் முகத்தக்கூடப் பாத்ததில்ல." அவள் புருசனைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள். "நீங்ககூடப் புள்ளய இப்படி மோந்து பாக்கலயே."

 வரிசை நகர்ந்தது. சவேரி பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் போய் அழுதார். ஏன் அழுகிறார் என்று பக்கத்துக் கட்டில்காரி கேட்டதற்கு, எனக்கே தெரியல தாயி என்றார். குமுறி அழுகிற அழுகை இல்லை. குழாயில் ஒழுகுவது போல ஒழுகியது.

கடைசியாகக் கொம்பையா. ஓட்டின் மேல் நின்றான். நிற்கக்கூடாது என்று நினைத்தான், பாதம் அங்கேதான் போனது. தங்கை பிள்ளையை நீட்டினாள். இடது கை தானாக உள்ளங்கை விரிந்து தலையைத் தாங்கியது. கொம்பையா வலதுகைக்காரன். மூன்று பிள்ளை பெற்றவன், மூன்றையும் வலது கையில்தான் வாங்கினான். குனிந்தபோது அந்த வாசனை வந்தது, பால் புளித்த மாதிரியும் மழை பெய்த மண் மாதிரியும். உள்ளே எங்கோ ஒரு துண்டு, முழுசும் இல்லை, ஒரே ஒரு துண்டு, நிமிர்ந்து பார்த்தது. அதற்குப் பிள்ளையின் காது மட்டும் தெரிந்தது போல. வேறொரு துண்டுக்கு நெற்றி தெரிந்திருக்கும், இன்னொன்றுக்கு விரல். அவை வராந்தாவில் ஆளுக்கொன்றாக நின்றுகொண்டிருந்தன. அவற்றைச் சேர்த்து ஓர் ஆளாக்கி, அந்த ஆளின் கையில் இந்தப் பிள்ளையைக் கொடுக்க யாராலும் ஆகாது.

நாக்கு நுனிவரை வந்த வார்த்தையை அவன் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டான். பிள்ளையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தான்.

செட்டு முழுக்க வராந்தாச் சுவரில் சாய்ந்து நின்றது. பதின்மூன்று பேரும் பிள்ளையைப் பார்த்தாயிற்று. கேட்டவன் பார்க்கவில்லை. பிள்ளையைக் காட்டுவதாக அந்த வேலாண்டிக்குக் கொம்பையா செய்த சத்தியம் பாக்கி.